கதைப்பாடலும் புதுப்பாட்டும்: மேற்கின் நாட்டார் இசை மறுமலர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப் டிலன், பீட் சீகர், ஜோன் பயஸ் ஆகியோரின் பாட்டுகளைக் கேட்டவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தப் பாட்டுகளுக்கு அடியில் ஓடும் பழைய கதைப்பாடல்களைத் தேடிக் கேட்டவர்கள் குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆர்வத்தோடு கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். அமெரிக்கா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்று நாடுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுமலர்ச்சி என்று எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்?

இரண்டு அலைகள் இருந்தன. முதல் அலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி முதல் உலகப்போர்க் காலம் வரை நீடித்தது. அது சேகரிப்பாளர்களின் காலம். 1903இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில், ஹாம்பிரிட்ஜ் என்ற ஊரில், ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்டதிலிருந்து செசில் ஷார்ப்பின் சேகரிப்பு தொடங்கியது. 1916 முதல் 1918 வரை அவரும் அவருடைய உதவியாளர் மாட் கார்ப்பிலிஸும் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் ஊர் ஊராகப் போனார்கள். இங்கிலாந்தில் அருகிப்போன பாட்டுகள், அங்கே குடியேறியவர்களின் சந்ததியினர் வாயில் புழங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாவது அலை 1940களில் கிளம்பி 1960களின் நடுவில் உச்சத்துக்கு வந்தது. இங்கே பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். அந்தத் தலைமுறைக்குப் பாடப்புத்தகம்போல அமைந்தது, 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட ஹாரி ஸ்மித்தின் இசைத்தட்டுத் தொகுப்பு. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் கடைகளில் விற்று, பிறகு எல்லோரும் மறந்துபோன 84 பதிவுகளை அவர் தன் சொந்தச் சேகரத்திலிருந்து எடுத்துக் கோத்தார். முதல் பகுதி முழுக்கக் கதைப்பாடல்கள். அதில் அவர் பாட்டுகளை அடுக்கிய வரிசையைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய ஆங்கில, ஸ்காட்டியக் கதைப்பாடல்களில் தொடங்கி, அமெரிக்கக் கொலைக் கதைகள், ரயில் விபத்து, டைட்டானிக் மூழ்கியது என்று வந்து, பருத்தி விவசாயியின் கஷ்டத்தில் முடிகிறது. பழையதும் புதியதும் ஒரே மரபுதான் என்று அந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

பழைய கதைப்பாடல் என்றால் எவை? எப்படி அடையாளம் காண்பது?

ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பில் 305 கதைப்பாடல்கள் இருக்கின்றன. இன்றும் பாடகர்கள் ஒரு பாட்டைச் சொல்லும்போது 'சைல்ட் 84' என்று எண்ணைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த 84ஆம் எண், 'பார்பரா ஆலன்'. அதைக் கேட்டு மகிழ்ந்ததாக லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் 1666 ஜனவரியில் எழுதியிருக்கிறார். ஆக, அது அப்போதே பாடகர் வாயில் இருந்த பாட்டு.

பெரும்பாலும் நான்கு வரிக் கண்ணி. இரண்டாம் வரியும் நான்காம் வரியும் இயைந்து முடியும். கதை நடுவிலிருந்து தொடங்கும். முன்கதையை யாரும் சொல்லமாட்டார்கள். பாடுபவர் அழமாட்டார், கோபப்படமாட்டார், தீர்ப்புச் சொல்லமாட்டார். அண்ணன் தங்கையைக் கொல்வான், தாய் மகனுக்குப் படுக்கை விரிப்பாள், எல்லாம் ஒரே குரலில் போகும். ஒரு கண்ணியை அப்படியே திருப்பிப் பாடி, ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கதையை ஓரடி நகர்த்துவார்கள். இந்தக் கடைசி உத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பாட்டு எழுதியவர்கள் அதிகம் கற்றுக்கொண்டது அதைத்தான்.

பழைய மெட்டில் புதிய வரி எழுதுவது சுலபமான குறுக்குவழி இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பின்னால், ஒரு மெட்டு ஒரு பாட்டுக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் இருக்கிறது. இசைத்தட்டும் காப்புரிமையும் வந்த பிறகு உறுதிப்பட்ட எண்ணம் அது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் தெருக்களில் ஒற்றைத் தாளில் பாட்டு அச்சடித்து விற்றார்கள். தூக்குத் தண்டனை, தீ விபத்து, போர்ச்செய்தி, காதல், எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. இசைக்குறிப்பு இருக்காது, தலைப்புக்குக் கீழே 'இன்ன மெட்டில் பாடவும்' என்று ஒரு வரி இருக்கும். வாங்குபவருக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். பீப்ஸ் சேர்த்து வைத்த இப்படிப்பட்ட தாள்கள் மட்டும் 1,700க்கு மேல், கேம்பிரிட்ஜின் மாக்டலன் கல்லூரியில் இருக்கின்றன. நம் குஜிலிக் கடைப் பாட்டுப்புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போட்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தத் தொடர்ச்சி மறுமலர்ச்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1962இல் நியூயார்க்கில் சிஸ் கன்னிங்ஹாமும் கார்டன் ஃப்ரீசனும் புதுப்பாட்டுகளுக்கென்று சைக்ளோஸ்டைலில் ஒரு சிறுபத்திரிகை தொடங்கியபோது, அந்தப் பழைய ஒற்றைத்தாளின் பெயரான 'பிராட்சைட்' என்பதையே அதற்கு வைத்தார்கள். டிலனின் 'புளோயிங் இன் த விண்ட்' முதலில் அச்சேறியது அதில்தான். அந்தப் பாட்டின் மெட்டு 'நோ மோர் ஆக்ஷன் பிளாக்' என்ற, அடிமை ஏலத்தை மறுக்கும் கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து வந்தது. டிலன் அதை ஒளிக்கவில்லை. கேட்டவர்களில் பழைய பாட்டை அறிந்தவர்களுக்கு, ஒரு மனிதன் எப்போது மனிதனாக மதிக்கப்படுவான் என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது என்று மெட்டே சொல்லியிருக்கும்.

அமெரிக்கப் பாடகர் வுடி கத்ரியை ஏன் எல்லோரும் தொடக்கப்புள்ளியாகச் சொல்கிறார்கள்?

அவருக்கு முன்னும் பலர் இருந்தார்கள். தொழிற்சங்கப் பாட்டாளி ஜோ ஹில் 1911 வாக்கிலேயே கிறிஸ்தவக் கீர்த்தனை மெட்டுகளில் வேலைநிறுத்தப் பாட்டு கட்டினார். கத்ரியின் பங்கு வேறு மாதிரியானது. ஓக்லஹோமாவில் சிறுவயதிலேயே பழைய கதைப்பாடல்களைக் காதில் வாங்கியவர். மெட்டைத் தேடி அவர் போகவில்லை, அவை அவரிடம் இருந்தன.

'பாஸ்ச்சர்ஸ் ஆஃப் பிளென்டி' 1941இல் எழுதியது. கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றிப் பாட்டு எழுத அரசு மின்வாரியம் ஒரு மாதத்துக்கு அவரை வேலைக்கு வைத்த சமயம். ஊர் ஊராகப் பழம் பறிக்கப் போகும் நாடோடிக் கூலிகள் பாடுவதாக அமைந்த அந்தப் பாட்டின் மெட்டு 'பிரிட்டி பாலி'. அதாவது காதலியைக் காட்டுக்குள் அழைத்துப்போய், முன்பே வெட்டிவைத்த குழியில் புதைக்கும் கொலைக் கதையின் மெட்டு. வரிகளில் நிலத்தின் செழிப்பு இருக்கும். மெட்டில் அந்தப் பழைய இருட்டு விலகாமல் இருக்கும். என் கணிப்பில் அவர் செய்த மிக நுட்பமான காரியம் இது.

'ரூபன் ஜேம்ஸ்' பாட்டு உருவான விதமும் பாடம் சொல்லக்கூடியது. 1941 அக்டோபர் 31 அன்று அந்த அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. சுமார் 100 பேர் இறந்தார்கள். கத்ரி முதலில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகப் பாட்டில் எழுதத் தொடங்கினார். அல்மனாக் சிங்கர்ஸ் குழுவில் உடன் இருந்தவர்கள், இதை யாராலும் பாட முடியாது என்றார்கள். அந்தச் சிக்கலிலிருந்து வந்ததுதான், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டபடி திரும்பத் திரும்ப வரும் பல்லவி. கண்ணிகளுக்குக் கார்ட்டர் குடும்பத்தின் 'வைல்ட்வுட் ஃபிளவர்' மெட்டு.

ஒரே ஒரு பாட்டை எடுத்து, பழையது புதியதாவதைக் காட்ட முடியுமா?

'லார்ட் ராண்டல்', சைல்ட் 12. தாய் கேட்கிறாள், மகன் பதில் சொல்கிறான். முழுப் பாட்டும் இவ்வளவுதான்.

எங்கே போயிருந்தாய் மகனே? காட்டுக்கு. யாரைப் பார்த்தாய்? என் காதலியை. என்ன சாப்பிடக் கொடுத்தாள்? விலாங்கு மீன் பொரித்துக் கொடுத்தாள். மிச்சத்தை யார் தின்றது? என் வேட்டை நாய்கள். அவை என்ன ஆயின? வயிறு வீங்கிச் செத்தன. ஒவ்வொரு பதிலின் முடிவிலும், அம்மா படுக்கையை விரி, எனக்கு முடியவில்லை என்கிறான். நாய்கள் செத்த இடத்தில்தான் தாய்க்கு விஷயம் புரிகிறது. அதன் பிறகு அவள் கேட்பதெல்லாம் சொத்துப் பங்கீடு: எனக்கு என்ன விட்டுப்போகிறாய், தங்கைக்கு என்ன, தம்பிக்கு என்ன, உன் காதலிக்கு என்ன? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் சாபம். விஷம் வைத்த காட்சியைப் பாட்டு காட்டுவதே இல்லை.

1962இல் டிலன் 'எ ஹார்ட் ரெய்ன்'ஸ் எ-கோனா ஃபால்' எழுதியபோது அந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டார்: எங்கே போயிருந்தாய் மகனே? பிறகு என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், யாரைச் சந்தித்தாய், இனி என்ன செய்யப்போகிறாய். மாற்றியது பதிலின் நீளத்தை. பழைய பாட்டில் கேள்விக்குச் சமமான அளவில்தான் பதில் இருக்கும். டிலனிடம் முதல் பதிலே ஐந்து வரி. கடைசிப் பதில் பத்து வரியையும் தாண்டி ஓடுகிறது. கேட்கிறவருக்கு மூச்சு முட்டுகிறது. பல்லவி வந்து நின்றதும்தான் விடுகிறது. ராண்டல் கண்டதெல்லாம் ஒரு காடு, ஒரு பெண், ஒரு தட்டு மீன். இந்தப் பையன் கண்டது உலகம் முழுவதும் நடக்கும் அழிவு. கடைசிப் பதிலில் தண்ணீரில் விஷம் கலப்பதைப் பற்றி ஒரு வரி வருகிறது. பழைய பாட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்த விஷம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

கூடவே ஒன்று. கியூபா ஏவுகணை நெருக்கடியால் எழுந்த பாட்டு இது என்று பல இடங்களில் படிக்கலாம். அந்த நெருக்கடி 1962 அக்டோபரில் வந்தது. டிலன் செப்டம்பரிலேயே மேடையில் பாடிவிட்டார்.

மெட்டையும் வடிவத்தையும் தவிர வேறு எதை எடுத்துக்கொண்டார்கள்?

சொல்லாமல் விடும் கலையை. டிலனின் 'த லோன்சம் டெத் ஆஃப் ஹாட்டி கரோல்' பாட்டைக் கேளுங்கள். 1963இல் பால்டிமோர் ஹோட்டல் ஒன்றில் பணிசெய்த கறுப்பினப் பெண், பணக்கார வெள்ளை இளைஞன் ஒருவன் கைத்தடியால் தாக்கியபின் இறந்தார். அவனுக்குக் கிடைத்தது ஆறு மாதச் சிறை. பாட்டில் அவள் நிறமும் வராது, அவன் நிறமும் வராது. அவள் என்ன வேலை செய்தாள் என்பது மட்டும் வருகிறது: சாப்பாட்டு மேசையைத் துடைப்பது, மேசையில் உட்காராதது, மேசையில் இருந்தவர்களோடு பேசாதது. அடுத்தடுத்த வரிகள் 'மேசை' என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. இயைபுக்கு வேறு சொல் கிடைக்காமல் செய்ததாகத் தோன்றலாம். அந்தப் பெண்ணின் நாள் முழுவதும் அந்த ஒரே மேசையைச் சுற்றித்தான் ஓடியது என்பதை அது உணர்த்துகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், இப்போது அழாதே, இன்னும் நேரம் வரவில்லை என்கிறார். தண்டனை அறிவிக்கப்பட்டபின்தான் அழலாம் என்கிறார்.

'மேரி ஹாமில்டன்' (சைல்ட் 173) பாட்டின் சாயல் இதில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். அதுவும் ஒரு பணிப்பெண்ணின் கதை. அரசனால் கர்ப்பமாகி, குழந்தையைக் கொன்று, தூக்குமேடை ஏறுகிறவள். ஜோன் பயஸ் 1960இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலேயே அதைப் பாடியிருந்தார். 1963இல் அவர்தான் டிலனைத் தன் மேடைகளுக்கு அழைத்து வந்து, தன் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். பழைய கதைப்பாடலைக் கேட்கவந்த கூட்டம் அதே இரவில் புதுப்பாட்டையும் கேட்டது.

இங்கிலாந்திலும் இப்படித்தானா?

அங்கே பாதை கொஞ்சம் வேறு. முக்கியமான மனிதர் ஈவன் மெக்கால். சால்ஃபோர்டில் ஸ்காட்டியப் பெற்றோருக்குப் பிறந்தவர், நாடகக்காரர், இடதுசாரி. அவரும் நாட்டார் பாட்டு ஆய்வாளர் ஏ. எல். லாய்டும் 1956இல் சைல்ட் கதைப்பாடல்களைத் துணைக்கருவி இல்லாமல், தட்டு தட்டாகப் பாடிப் பதிந்தார்கள். லண்டனில் அவர் நடத்திய கிளப்பில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: அவரவர் தம் சொந்த மொழி, சொந்த நாட்டுப் பாட்டையே பாட வேண்டும். லண்டன் இளைஞன் மிசிசிப்பிப் பருத்திக்காட்டுப் பாட்டைப் பாடக்கூடாது. இந்த விதியைப் பலர் திட்டினார்கள், பலர் விலகிப்போனார்கள். கடுமையானதுதான். ஆனால் அதனால் கிடைத்த பலன் பெரிது என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பாட்டை இரவல் வாங்கும் வழி அடைபட்டதும், இளைஞர்கள் தங்கள் மாவட்டத்துப் பழைய பாட்டைத் தேடினார்கள். இல்லாத இடத்தில் புதிதாக எழுதினார்கள்.

மெக்கால், பாடகி பெக்கி சீகர், பிபிசி தயாரிப்பாளர் சார்ல்ஸ் பார்க்கர் மூவரும் 1958 முதல் 1964 வரை செய்த எட்டு 'வானொலிக் கதைப்பாடல்கள்' இந்த முயற்சியின் சிகரம். முதலாவது ஜான் ஆக்சன் என்ற ரயில் ஓட்டுநரைப் பற்றியது. 1957 பிப்ரவரி 9 அன்று அவருடைய சரக்கு ரயிலில் நீராவிக் குழாய் உடைந்து பிரேக் செயலிழந்தது. உதவியாளரைக் குதிக்கச் சொல்லிவிட்டு அவர் எஞ்சினிலேயே நின்றார். சரிவில் ஓடிய ரயில் சாப்பல்-என்-ல-ஃப்ரித் நிலையத்தில் இன்னொரு ரயிலில் மோதியது, அவர் இறந்தார்.

நிகழ்ச்சிக்காக அவருடைய மனைவியிடமும் சக ஊழியர்களிடமும் பேசி டேப்பில் பதிந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி, பதிந்ததை வைத்து வசனம் எழுதி நடிகர்களைப் பேசவைக்க வேண்டும். டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, எந்த நடிகராலும் இப்படிப் பேச முடியாது என்று முடிவுசெய்து, அந்தக் குரல்களையே வைத்துக்கொண்டார்கள். குரல் முடியும் இடத்தில் பாட்டு தொடங்கும். பேசியவரின் சொல்லும் மூச்சுவிடும் இடமும் அடுத்து வரும் கண்ணிக்குள் போகும். பழைய கதைப்பாடலின் அளவான கண்ணிக்குள் ரயில் தொழிலாளியின் நேற்றைய பேச்சு. 1960இல் வந்த 'சிங்கிங் த ஃபிஷிங்', ஹெர்ரிங் மீனவர்களைப் பற்றியது, இத்தாலியா பரிசு பெற்றது.

புதிதாக எழுதிய பாட்டு 'பழைய பாட்டு' ஆகிப்போனது உண்டா?

உண்டு. அந்த மீனவர் நிகழ்ச்சிக்காக மெக்கால் எழுதிய 'ஷோல்ஸ் ஆஃப் ஹெர்ரிங்' நல்ல உதாரணம். நார்ஃபோக்கின் விண்டர்டனைச் சேர்ந்த சாம் லார்னர் என்ற முதிய மீனவரின் வாழ்க்கைக் கதை அது. பல சொற்றொடர்கள் அவர் டேப்பில் பேசியவை. சில ஆண்டுகளிலேயே அயர்லாந்தில் அதை 'ஷோர்ஸ் ஆஃப் எரின்' என்று, யார் எழுதியது என்றே தெரியாமல், பரம்பரைப் பாட்டாகப் பாடினார்கள். அவருடைய இன்னொரு பாட்டான 'டர்ட்டி ஓல்ட் டவுன்' 1949இல் சால்ஃபோர்டைப் பற்றி எழுதியது; டப்ளினர்ஸும் போக்ஸும் பாடிய பிறகு, அது டப்ளினைப் பற்றிய பழைய ஐரிஷ் பாட்டு என்றே பலர் நம்புகிறார்கள்.

அப்படியானால் 'பழைய பாட்டு' என்று பாடப்படுபவை எல்லாம் உண்மையில் பழையவையா?

எல்லாம் இல்லை. ஏ. எல். லாய்ட் பெரிய அறிஞர். மரபை ஊறிப்போய் அறிந்தவர். அதனாலேயே அவர் கைவைத்த இடம் தெரியாது. 'த ரெக்ரூட்டட் காலியர்' பல ஆண்டுகளாகச் சுரங்கத் தொழிலாளர் பாட்டாகப் பாடப்பட்டது. அதன் மூலம், கம்பர்லாந்துக் கவிஞர் ராபர்ட் ஆண்டர்சனின் கவிதை ஒன்று. அதில் இருந்தது உழவன். லாய்ட் அவனைச் சுரங்கத் தொழிலாளி ஆக்கி, ஏர் இருந்த இடத்தில் நிலக்கரியை வைத்து, 1952இல் சுரங்கப் பாட்டுத் தொகுப்பில் சேர்த்தார். ஆன் பிரிக்ஸ் பாடிக் கேட்டால் கண் கலங்கும். பாட்டாக அது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சுரங்க மக்களே பாடியது என்று சொல்லி அச்சிட்டது சரியில்லை. 'நான் மாற்றியது' என்று ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தால் பாட்டின் அழகு குறைந்திருக்காது. அந்த மக்களுக்குத் தங்கள் முன்னோர் எதைப் பாடினார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

ஸ்காட்லாந்தின் கதை என்ன?

அங்கே பழைய பாட்டு நூலகத்துக்குப் போகவே இல்லை, வீட்டிலேயே இருந்தது. 1953இல் பாட்டுச் சேகரிப்பாளர் ஹாமிஷ் ஹெண்டர்சன் அபர்டீன் நகரில் பாடகி ஜீனி ராபர்ட்சனைச் சந்தித்தார். ஜீனி நாடோடிக் குடும்பத்தில் பிறந்தவர். சமூகத்தால் ஒதுக்கப்பட்ட கூட்டம். சைல்ட் தாளில் மட்டுமே பார்த்த கதைப்பாடல்களை அவர் தன் தாயிடம் கேட்டு வளர்ந்திருந்தார். அவர் பாடிய 'சன் டேவிட்' (சைல்ட் 13) பதிவை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாளில் ஏன் ரத்தம் என்று தாய் கேட்கும் இடத்தில் குரல் ஏறுவதே இல்லை.

அதே ஹெண்டர்சன் புதுப்பாட்டும் எழுதினார். 1960இல் எழுதிய 'ஃப்ரீடம் கம்-ஆல்-யி' முதல் உலகப்போர்க் காலத்து பைப் அணிவகுப்பு மெட்டில் அமைந்தது. ஸ்காட்டியச் சிப்பாய்கள் பேரரசுக்காகப் போரிடப் போன மெட்டிலேயே, இனி அப்படிப் போகமாட்டோம் என்று பாடவைத்தார். அமெரிக்க அணு நீர்மூழ்கிகள் ஹோலி லோக்குக்கு வந்தபோது எதிர்ப்பாளர்கள் குழந்தைகள் பாடும் தெருப்பாட்டு மெட்டுகளில் கேலிப்பாட்டு கட்டினார்கள். கிளாஸ்கோவில் அந்த மெட்டு தெரியாதவர் இல்லை. ஊர்வலத்தில் கூடச் சேர்ந்து பாட ஒத்திகை தேவைப்படவில்லை.

அரசியல் இல்லாமல் இந்த மறுமலர்ச்சி நடந்திருக்குமா?

நடந்திருக்கலாம், இவ்வளவு புதுப்பாட்டு வந்திருக்காது. 1931இல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் சுரங்கத் தொழிலாளர் போராட்டம். சங்கத் தலைவர் ஒருவரைத் தேடி ஷெரிஃபின் ஆட்கள் வீட்டைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போனார்கள். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸ், சுவரில் இருந்த காலண்டர் தாளைக் கிழித்து, தெரிந்த பழைய மெட்டு ஒன்றில் 'விச் சைட் ஆர் யூ ஆன்?' என்று எழுதினார். 1941இல் அல்மனாக் சிங்கர்ஸ் அதைப் பதிந்தார்கள். 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் வேறு வரிகளோடு அதே கேள்வி ஒலித்தது.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். பீட் சீகர் இருந்த வீவர்ஸ் குழு 1950இல் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. கம்யூனிச எதிர்ப்பு வேட்டையில் சில ஆண்டுகளுக்குள் மேடையும் வானொலியும் பறிபோயின. 1955இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சீகர் தன் அரசியல் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். 1961இல் தண்டனை விதிக்கப்பட்டது, 1962இல் ரத்தானது. இடைப்பட்ட காலத்தில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாடிப் பிழைத்தார். 1960களின் மாணவர் கூட்டத்தில் பலர் அவரை அங்கேதான் முதலில் கேட்டார்கள்.

மின்கிதார் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் டிலன் மின்கிதாரோடு ஏறியதை முடிவு என்று எழுதுவார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ராக் குழு செய்ததைப் பாருங்கள். 1969 மே மாதம் அவர்களுடைய வேன் விபத்தில் சிக்கி டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்தார். மிச்சமிருந்தவர்கள் பழைய பாட்டை நோக்கித் திரும்பினார்கள். குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ் செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் தேடினார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' இசைத்தட்டில் 'மேட்டி குரோவ்ஸ்' (சைல்ட் 81), 'டாம் லின்' (சைல்ட் 39) இரண்டும் இடிமுழக்கமாக வருகின்றன. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அவர்களே எழுதியவை. கடைசிப் பாட்டில் மைக்கேல் என்பவன் காகத்தோடு சண்டையிட்டு அதைக் கொல்கிறான். செத்துக் கிடப்பது அவன் காதலி. குழுவின் ரிச்சர்ட் தாம்சன் எழுதியது என்று தெரியாவிட்டால் சைல்ட் தொகுப்பில் தேடுவீர்கள்.

அதே தட்டில் தாம்சனின் 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' இருக்கிறது. மெட்டு 'வில்லி ஓ'வின்ஸ்பரி'யுடையது. அந்த மெட்டைப் பரப்பிய பாடகர் ஆண்டி அர்வின், தொகுப்பில் எண் மாறிப் பார்த்து வேறொரு கதைப்பாடலின் மெட்டை எடுத்துவிட்டதாகத் தானே சொல்லியிருக்கிறார். இன்று அதுதான் அந்தப் பாட்டின் மெட்டு.

பணமும் பெயரும் யாருக்குப் போயின?

இந்த மறுமலர்ச்சியின் காயம் இதுதான். இங்கே சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. 'குட்நைட் ஐரீன்' வீவர்ஸ் குரலில் முதலிடத்துக்கு வந்தபோது, அதைப் பாடிக் கொடுத்த கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. 'டாம் டூலி' 1958இல் கிங்ஸ்டன் டிரியோவுக்குப் பெரும் வெற்றி. அது 1868இல் வட கரோலினாவில் தூக்கிலிடப்பட்டவனின் கதை. மலைவாசி விவசாயி ஃபிராங்க் புரோஃபிட் 1938இல் ஒரு சேகரிப்பாளருக்குப் பாடிக் காட்டிய வடிவம். அவருக்கு உரிமைப் பங்கு கிடைக்க வழி பிறந்தது 1962க்குப் பிறகுதான். அதற்குள் பாட்டின் பெரும் வசூல் காலம் முடிந்திருந்தது. எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது கட்டிய 'ஃப்ரெய்ட் டிரெய்ன்' இங்கிலாந்தில் வேறு ஆட்கள் பெயரில் பதிவாகி 1957இல் வெற்றி பெற்றது; பெயரை மீட்கப் போராட வேண்டியிருந்தது.

வேறு வழியும் இருந்தது. 'வி ஷல் ஓவர்கம்' பாட்டின் உரிமைத் தொகையை அதைப் பதிவுசெய்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பின மக்களின் பணிகளுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். பழைய மெட்டை யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும். யாரிடமிருந்து கற்றேன் என்று இசைத்தட்டின் உறையில் ஒரு வரி போடச் செலவு ஏதும் இல்லை.

பெண்கள் எழுதினார்களா?

நிறைய. கென்டக்கியின் வைப்பரில், 14 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த ஜீன் ரிச்சி, குடும்பத்தின் கதைப்பாடல்களை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தவர். சுரங்கம் தன் மலையை நாசம் செய்ததைப் பற்றித் தானே பாட்டு எழுதியபோது, ஆண் எழுதியது என்றால்தான் எடுபடும் என்று 'தான் ஹால்' என்ற தாத்தாவின் பெயரில் வெளியிட்டார். ரயில் நின்றுபோன சுரங்க ஊரைப் பற்றிய 'த எல் அண்ட் என் டோண்ட் ஸ்டாப் ஹியர் எனிமோர்' அப்படி வந்தது. பெக்கி சீகர், பொறியாளராக விரும்பும் பெண்ணைப் பற்றி எழுதிய பாட்டைப் பெண்கள் கூட்டங்களில் இன்றும் பாடுகிறார்கள். 'நியூ சிட்டி சாங்ஸ்டர்' என்ற புதுப்பாட்டு இதழையும் பல ஆண்டுகள் நடத்தினார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜோடி ஜோடியாகக் கேளுங்கள், பழையதை முதலில். 'லார்ட் ராண்டல்' ஏதாவது ஒரு துணைக்கருவியற்ற பதிவு, பிறகு 'எ ஹார்ட் ரெய்ன்'ஸ் எ-கோனா ஃபால்'. 'பிரிட்டி பாலி', பிறகு 'பாஸ்ச்சர்ஸ் ஆஃப் பிளென்டி'. ஜீன் ரிச்சி பாடிய 'நாட்டமன் டவுன்', பிறகு டிலனின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்'. மார்ட்டின் கார்த்தியின் 'ஸ்கார்பரோ ஃபேர்', பிறகு டிலன் லண்டனில் அவரிடம் கேட்டுவிட்டுப் போய் எழுதிய 'கேர்ல் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி'. ஆங்கிலம் வேகமாகப் பிடிபடாவிட்டால் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; ஸ்காட்டிய வடிவங்களுக்கு அது எல்லோருக்குமே தேவைப்படும். ஜீனி ராபர்ட்சனைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கிதார் இல்லாத குரலுக்குக் காது பழக ஒரு வாரம் ஆகும்.